கீழாநெல்லி: பெயரைத் திருப்பிப் பார்த்தால் செடி தெரியும்

சில ஆண்டுகளுக்கு முன், விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் நிலக்கடலை சாகுபடிப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த நேரத்தில் உழவர் ஒருவர் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் அவிழ்த்தார். உள்ளே உலர்ந்த செடி. மழை விட்டதும் வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் கடலைக் கொல்லையிலும் வரப்பிலும் இரண்டு வாரம் குனிந்து பறித்துச் சேர்த்த கீழாநெல்லி. நிழலில் உலர்த்தி, மண் உதறி, மூலிகை வாங்கும் வியாபாரியிடம் கொண்டுபோயிருக்கிறார். அங்கே மூட்டைக்குள் கையை விட்டு நான்கு பிடி எடுத்துப் பார்த்துவிட்டு, "கலப்புச் சரக்கு, வேண்டாம்" என்று திருப்பிவிட்டார்கள். பஸ் கூலியும் போய், கூலியாள் வைக்காமல் குடும்பமே செய்த உழைப்பும் போயிற்று.

"எல்லாம் கீழாநெல்லிதானே ஐயா? இதுல என்ன கலப்பு இருக்கு?" என்று அவர் கேட்டார்.

பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர், களை எடுப்பதிலேயே காலம் கழித்தவர், வரப்பிலிருந்து பச்சைச் செடி ஒன்றைப் பிடுங்கி வந்து ஒரு கிளையைப் புரட்டிக் காட்டினார். "எலைக்கு அடியில காய் வரிசையா இருக்குதா பாரு. இருந்தாத்தான் கீழாநெல்லி. பேரே அதானே?" என்றார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாததால்தான் அந்த மூட்டை திரும்பி வந்தது. ஆகவே இந்த வாரம் இந்தச் சிறு செடியின் பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

பெயர் வந்த வழி

சித்த வைத்திய வழக்கில் இச்செடிக்குக் 'கீழ்க்காய்நெல்லி' என்ற வடிவமும் உண்டு. கீழே காய்க்கும் நெல்லி என்பது நேர்ப்பொருள். பேச்சில் தேய்ந்து 'கீழ்க்காநெல்லி' ஆகி, பிறகு 'கீழாநெல்லி' ஆயிற்று. செடியின் சிறு கிளையை எடுத்து மேலாகப் பார்த்தால் இரண்டு வரிசை இலைகள் மட்டுமே தெரியும். புரட்டினால், ஒவ்வோர் இலையின் அடியிலும் கடுகைவிடச் சற்றே பெரிய உருண்டைக் காய் ஒன்று சிறு காம்பில் தொங்குவதைக் காணலாம். நெல்லிக்காயை அப்படியே சிறிதாக்கியது போன்ற உருவம்.

'கீழ்' என்பது தரையைக் குறிக்கிறது, தரையோடு வளரும் நெல்லி என்பதே பொருள் என்று சொல்வோரும் உண்டு. அதற்கும் ஆதாரம் இல்லாமல் இல்லை. வடமொழியில் இதன் பெயர் 'பூம்யாமலகி', அதாவது பூமி நெல்லி. இந்தியில் 'புயி ஆம்லா', தெலுங்கில் 'நேல உசிரி', கன்னடத்தில் 'நெல நெல்லி'. எல்லாமே தரைநெல்லி என்ற பொருள் தருபவை. ஆனால் தமிழில் 'மேலாநெல்லி' என்று இன்னொரு செடிக்குப் பெயர் இருக்கிறது. அதுவும் தரையில் முளைக்கும் சிறு செடிதான், மரம் அன்று. செடியின் உயரத்தைக் கருதிப் பெயர் வைத்திருந்தால் அதை 'மேல்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். காய் இருக்கும் இடத்தை வைத்தே தமிழர் பெயரிட்டனர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

காயை வைத்துப் பெயர் சொன்னது நாம் மட்டும் அல்ல. இந்தச் செடிக் கூட்டத்தைச் சேர்ந்த ஒன்றுக்குச் சீனத்தில் வழங்கும் பெயரின் பொருள் 'இலைக்கு அடியில் முத்து'. மேற்கிந்தியத் தீவுகளில் ஆங்கிலம் பேசும் மக்கள் 'இலைக்கடி விதை' என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். மலாய் மொழியில் 'டுக்கோங் அனாக்', அதாவது பிள்ளையைச் சுமப்பது. இலை தன் முதுகுப்புறம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதாம். குனிந்து களை எடுத்த கைகள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே காட்சியைத்தான் கண்டிருக்கின்றன.

'நெல்லி' என்று ஏன் சொன்னார்கள்?

முழங்கால் உயரம்கூட வளராத ஒரு களைச் செடியை, மரமாக வளரும் நெல்லியோடு சேர்த்துப் பெயரிட்டது வெறும் காயின் உருவத்தைக் கண்டு மட்டும் அன்று என நினைக்கிறேன். நெல்லி மரத்தின் ஒரு சிறு மிலாறையும் கீழாநெல்லியின் ஒரு கிளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் மெல்லிய காம்பின் இரு புறமும் சிறு இலைகள் சீப்புப் பற்களைப் போல வரிசையாக நிற்கும். பார்ப்பதற்குப் புளிய இலையைப் போலக் கூட்டிலை என்று தோன்றும். உண்மையில் அது இலை அன்று, முழுக் கிளை. இலைக் கக்கத்தில்தான் பூவும் காயும் வரும் என்பது தாவரங்களின் பொது விதி. இங்கே ஒவ்வொரு சிற்றிலையின் கக்கத்திலும் பூ வருவதால், அந்தச் சிற்றிலை ஒவ்வொன்றும் தனி இலை, அவற்றைத் தாங்கும் காம்பு ஒரு கிளை என்று தெரிந்துகொள்ளலாம். அக்கிளை வயதானதும் இலை உதிர்வது போலவே முழுதாகக் கழன்று விழுந்துவிடும். நெல்லித் தோப்பு வைத்திருப்போர் மரத்தடியில் குவியும் மிலாறுகளைப் பெருக்கித் தள்ளியிருப்பீர்கள், காரணம் இதுதான்.

தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நெல்லி மரத்தையும் இந்தச் சிறு செடி வகைகளையும் 'பில்லாந்தஸ்' என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்த்தார். கிரேக்கத்தில் 'பில்லான்' என்றால் இலை, 'ஆந்தோஸ்' என்றால் பூ. இலையில் பூப்பது என்று பொருள். நம் அருநெல்லியும் அதே பேரினம். லின்னேயஸ் பூவைப் பிரித்துப் பார்த்துச் செய்த வகைப்பாட்டை நம் முன்னோர் கிளையைப் புரட்டிப் பார்த்தே செய்திருக்கின்றனர். இதைக் கல்லூரியில் மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமையாகவே இருக்கும்.

விஞ்ஞானப் பெயரிலும் ஒரு குழப்பம்

நாட்டுப் பெயர்தான் குழப்பும், விஞ்ஞானப் பெயர் ஒருபோதும் தவறாது என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் செடியின் விஷயத்தில் விஞ்ஞானிகள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தடுமாறினர்.

கொச்சியில் டச்சு ஆட்சியாளராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டு வைத்தியர்களின் துணையோடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்ற நூல் 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. அதன் 10-ஆம் பாகத்தில் 'கிர்கநெலி' என்று ஒரு செடி படத்துடன் இருக்கிறது. 'கீழ்க்காநெல்லி' என்று வைத்தியர் சொன்னதை, ழகரம் வராத டச்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதியதே அது என்று கொள்ளலாம்.

பின்னர் லின்னேயஸ் இக்கூட்டத்துச் செடி ஒன்றுக்குப் 'பில்லாந்தஸ் நிரூரி' என்று பெயரிட்டார். 'நிரூரி' என்பது கேரளத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடிக்கு வழங்கும் பெயர். ஆனால் அவர் அந்தப் பெயரைச் சூட்டிய செடியோ அமெரிக்கக் கண்டத்தில் வளர்வது, இந்தியாவில் இயற்கையாக வளர்வதே இல்லை. இது தெரியாமல் நம் நாட்டுப் பழைய தாவர நூல்களும் மருந்து நூல்களும் நம் கீழாநெல்லியை 'நிரூரி' என்றே எழுதிவந்தன. 1950-களில் அமெரிக்கத் தாவரவியலாளர் வெப்ஸ்டர் மேற்கிந்தியத் தீவுச் செடிகளை ஆராய்ந்து இந்தச் சிக்கலை அவிழ்க்கத் தொடங்கினார். 1980-களில் மித்ரா, ஜெயின் என்ற இரு இந்திய அறிஞர்கள், நம் நூல்களில் நிரூரி என்ற ஒரே பெயரின்கீழ் மூன்று வெவ்வேறு செடிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினர். அவை அமாரஸ், டெபிலிஸ், பிரட்டெர்னஸ். இன்று வைத்தியத்துக்கும் வியாபாரத்துக்கும் கீழாநெல்லி என்று கேட்கப்படுவது இவற்றுள் 'பில்லாந்தஸ் அமாரஸ்'. அமாரஸ் என்றால் லத்தீனில் கசப்பு. மென்று பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இதில் இன்னும் ஒரு விந்தை உண்டு. அமாரஸ் என்ற இந்தச் செடியே அமெரிக்க வெப்பப் பகுதியிலிருந்து கப்பல் போக்குவரத்தோடு உலகெங்கும் பரவியது என்று தாவரவியலாளர் பலர் கருதுகின்றனர். டெபிலிஸ் என்பதோ இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. அதன் பெயருடன் இணைந்து வரும் கிளைன் என்பவர் தரங்கம்பாடியில் வாழ்ந்த மருத்துவர். பூமி நெல்லி, கீழ்க்காய்நெல்லி என்ற பெயர்களோ பழமையானவை. அப்படியானால் அந்தப் பெயர்கள் முதலில் இங்கேயே இருந்த ஒரு செடிக்கு வைக்கப்பட்டு, பின்னால் வந்து பரவிய செடியும் அதே அடையாளம் காட்டியதால் அதற்கும் சேர்ந்துவிட்டிருக்கலாம் அல்லவா? வரப்பில் வந்து நின்ற புதியவனை, கிளையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நம்மவன் என்று சேர்த்துக்கொண்டார்கள் போலும்.

அந்தப் பெயர் பரம்பரைச் சொத்தைப் போல ஒரே செடிக்கு உரியது அன்று. அடையாளம் பொருந்துகிற எதற்கும் அது போய் ஒட்டிக்கொள்ளும்.

மூட்டையில் இருந்தது என்ன?

மீண்டும் அந்தச் சாக்குக்கு வருவோம். ஒரு கோணியை விரித்துச் செடிகளைப் பரப்பினோம். உலர்ந்த செடியில் பிரிப்பது கடினம். ஆனாலும் முக்கியமாக மூன்று வகை இருப்பது தெரிந்தது.

முதலாவது கீழாநெல்லி. தண்டு பச்சை, இலை நீள்வட்டமாக நுனி மழுங்கியது, காய் வழவழப்பானது.

இரண்டாவது செங்கீழாநெல்லி, விஞ்ஞானப் பெயரில் யூரினேரியா. இதிலும் காய் இலைக்கு அடியில்தான் வரிசையாக இருக்கும். அந்த அம்மா சொன்ன சோதனையில் இது தேறிவிடும்! ஆனால் தண்டிலும் கிளையிலும் செம்மை ஓடியிருக்கும். காய்க்குக் காம்பு இருப்பதே தெரியாது, கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். நகத்தால் தடவினால் மேல்தோல் சொரசொரவென்று இருக்கும்.

மூன்றாவது மேலாநெல்லி. இதன் விஞ்ஞானப் பெயர் மதராஸ்படென்சிஸ். மதராசப்பட்டணத்துச் செடி என்று லின்னேயஸ் நம் ஊர்ப் பெயரையே சூட்டியிருக்கிறார். இலை அடியில் குறுகி நுனியில் அகன்று, ஆப்பு வடிவத்தில் இருக்கும். சீப்புப் போன்ற தட்டையான இரு வரிசை இதில் அமையாது. காயும் இலை வரிசைக்கு அடியில் சரமாக ஒளிந்திருக்காது. கொஞ்சம் கவனித்தால் குழந்தைகூடப் பிரித்துவிடும். இருந்தும் கைவேகத்தில் சேர்ந்துவிடுகிறது.

டெபிலிஸ் செடியைத்தான் பிரிப்பது கடினம். இலை இரு முனையிலும் குறுகியிருக்கும் என்பதைத் தவிர, எட்ட நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. இதற்கு நான் சொல்லிக் கொடுக்கும் வழி ஒன்று உண்டு. காய் காம்போடு சேரும் இடத்தில், கத்தரிக்காயின் தொப்பியைப் போலச் சிறு இதழ்கள் நட்சத்திரமாக ஒட்டிக்கொண்டிருக்கும். இவை புல்லி இதழ்கள். கீழாநெல்லியில் அவை பெரும்பாலும் 5. டெபிலிஸ், பிரட்டெர்னஸ், செங்கீழாநெல்லி, மேலாநெல்லி ஆகியவற்றில் 6. நம் வயதில் கண்ணாடி போட்டாலும் எண்ணுவது சிரமம்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தால் போதும்.

இந்தக் கலப்பு அந்த ஒரு மூட்டையோடு நிற்கும் சங்கதி அன்று. தென்னிந்தியாவில் 25 கடைகளிலிருந்து வாங்கிய சரக்கைச் சோதித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கீழாநெல்லி இனத்தைச் சேர்ந்த ஆறு வகைச் செடிகள் விற்பனையில் இருப்பது தெரியவந்தது. நூற்றுக்கு 76 மாதிரிகளில் அமாரஸே ஏறக்குறைய முழுவதுமாக இருந்தது. மீதி 24 மாதிரிகளில் டெபிலிஸ், பிரட்டெர்னஸ், யூரினேரியா, மேலாநெல்லி முதலியவை இருந்தன. யாரும் வேண்டுமென்று கலப்படம் செய்ததாக நான் நினைக்கவில்லை. பறிக்கும் கைகளுக்குப் பெயர் ஒன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

கலந்தால் என்ன நஷ்டம்?

மருந்துக் கம்பெனிகள் இன்று சரக்கை வாங்கியதும் சோதனைக்கூடத்தில் பார்க்கின்றன. கீழாநெல்லியில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற பொருள்கள் உள்ளன. இவற்றின் அளவு செடிக்குச் செடி மாறுபடும். வேறு இனம் கலந்தால் அளவு ஒத்துவராது. மூட்டை திரும்பும், அல்லது விலை இறங்கும். முதலில் அடிபடுவது பறித்தவன்தான்.

பணத்தைவிடப் பெரிய விஷயமும் ஒன்று உண்டு. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் வீடுகளில் நெடுநாளாக வழங்கும் கைவைத்தியம். 1988-இல் சென்னையில் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைட்டிஸ்-பி கிருமியை உடலில் சுமப்பவர்களுக்கு இச்செடியின் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்த முடிவு, லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. மருந்து பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்றுப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. உலகமே திரும்பிப் பார்த்த செய்தி அது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகள் பலவற்றில் இந்தப் பலன் கிட்டவில்லை. எடுத்த செடியின் இனமும் அது வளர்ந்த இடமும் வேறாக இருந்தது காரணமாகலாம் என்று சிலர் கருதினர். அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று, உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2011-இல் முடிவு கூறியது.

ஆகவே வீட்டில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தால், செடியைத் தேடி வரப்புக்குப் போகும் முன் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மஞ்சள் காமாலை என்பதும் கீழாநெல்லி என்பதைப் போலத்தான், ஒரு பெயருக்குள் பல சங்கதிகள். தானே தணிந்துவிடும் கிருமி நோயும் அதில் உண்டு, பித்தக் குழாயில் கல் அடைப்பதும் உண்டு, ஈரல் கெட்டுப்போவதும் உண்டு. எது என்று இரத்தச் சோதனையும் ஸ்கேனும்தான் சொல்லும். கல் அடைத்திருக்கும்போது பச்சிலை கொடுத்து நாள் கடத்தியதால் ஆபத்தான நிலைக்குப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

பறிப்போர் கவனத்துக்கு

காய் பிடிக்காத இளஞ்செடியைப் பறிக்க வேண்டாம். காய்தான் இதன் முகவரி. காய் இல்லாதபோது இந்தக் கூட்டத்துச் செடிகள் எல்லாம் ஒன்று போலவே தோன்றும்.

பச்சையாக இருக்கும்போதே பிரித்துவிடுங்கள். உலர்ந்தால் இலைகள் உதிர்ந்து காம்பு மட்டும் மிஞ்சும், தண்டின் செம்மையும் தெரியாது. வேரோடு முழுச் செடியாக, சமூலமாகத்தான் கேட்பார்கள். வேரில் உள்ள மண்ணைக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். பச்சை நிறம் மாறாமல் இருந்தால் நல்ல விலை கிடைக்கும்.

களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலில் பறிக்கவே வேண்டாம். மருந்துக்குப் போகும் சரக்கில் விஷம் இருக்கலாகாது. வரப்பில்தானே பறித்தேன் என்பதும் சமாதானம் ஆகாது, தெளிப்பு காற்றில் வரப்புக்கும் வரும்.

ஓர் இடத்தில் உள்ள எல்லாச் செடியையும் பிடுங்காமல், முற்றிய காயுடன் சிலவற்றை விட்டுவையுங்கள். ஒரு காயில் 6 விதை. முற்றியதும் தானே வெடித்துச் சிதறும். அடுத்த மழைக்கு நீங்கள் விதைக்காமலே முளைக்கும்.

இதைப் பயிராகவே செய்ய விரும்புவோரும் உண்டு. விதை மிக நுண்ணியது, எக்டேருக்கு 1 கிலோ போதும். மணலுடன் கலந்து நாற்றங்காலில் தூவி, ஒரு மாதத்துக்கு மேலான நாற்றை 15 செ.மீ.-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நடுகிறார்கள். சுமார் 80 முதல் 100 நாளில் அறுவடை. பயிராகச் செய்தால் கலப்புத் தொல்லை குறையும் என்பது உண்மை. ஆனால் எடுத்துக்கொள்வதாக ஒருவர் எழுத்தில் உறுதி தராமல் ஏக்கர் கணக்கில் இறங்க வேண்டாம். இது நெல் அன்று, விற்காவிட்டால் சமைத்துச் சாப்பிட.

மறு ஆண்டு அதே கிராமத்துக்குப் போனேன். அந்த உழவர் திண்ணையில் இரண்டு சாக்குகளை வைத்திருந்தார். பெரியதில் கீழாநெல்லி. சிறியதில் செங்கீழாநெல்லியும் மேலாநெல்லியும் தனித்தனிக் கட்டாக இருந்தன. வைத்தியர்களில் அவற்றைக் கேட்பாரும் உண்டு என்று விசாரித்து வைத்திருந்தார். அவருடைய பேத்தி பூதக்கண்ணாடியோடு ஒரு காயைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.